பத்தெழுத்தில் பேசிய மூன்று வாரம்

பிப்ரவரி 7, வெள்ளி

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், தொழில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு. தொழில், பேசுவது. வார நாட்களில் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆட்களைக் கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே கபடி நடந்தாலும் வர்ணனை. ‘மைக் சென்னியண்ணன்’ என்றால் பவானி முதல் காங்கேயம் வரை தெரியும்.

நேற்று தொண்டையில் ஆபரேஷன். குரல் நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி இருந்ததாம், எடுத்துவிட்டார்கள். இருபத்தொரு நாள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதல் என்கிறார் டாக்டர் நசீமா. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாக அனுப்புவதுதான் என்றார். வழக்கமாக அனுப்புவதுதான்.

என் மகள் பிரதீபா இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, “பேசணும்னு தோணுறப்ப எல்லாம் இதுல எழுதுங்கப்பா” என்றாள். காலையிலிருந்து ஒன்பது தடவை தோன்றியது.

பிப்ரவரி 8, சனி

சிலேட்டு வாங்கினோம். காலையில் என் மனைவியிடம், சாம்பாரில் உப்பு சற்றுக் குறைவு, ஆனால் நேற்றைக்கு இது பரவாயில்லை, அதற்குக் காரணம் என்னவென்றால் என்று எழுதிக்கொண்டே போனதில் சிலேட்டு நிரம்பிவிட்டது. திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துவருவதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

“எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குதுங்க” என்றாள்.

கடையில் என்னைத் தேடுகிறார்களா என்று பார்க்க அந்தப் பக்கம் நடந்துபோனேன். வாசலில் ஸ்பீக்கர் வைத்து என்னுடைய பழைய குரலையே ஓடவிட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரதீபாவுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஒரு பழைய லேப்டாப்பை டிவியோடு ஒரு வயரில் இணைத்தாள். டிவி முழுக்கக் கறுப்பு, மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

“அப்பா, இதுல ‘பேனர்’னு ஒரு கமாண்டு இருக்குது. அத அடிச்சு, ஒரு இடம் விட்டு, சொல்ல வேண்டிய வார்த்தைய அடிங்க. அப்புறம் என்டர். அவ்வளவுதான்.”

அடித்தேன். KAAPI. டிவியின் பாதி அகலத்துக்கு, # குறிகளாலேயே கட்டிய எழுத்துகள், முள்வேலி போட்டதுபோல எழுந்து நின்றன. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஒரு காப்பிய இத்தன பெருசாவா கேக்கோணும்?”

தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். ஒரு வார்த்தைக்குப் பத்து எழுத்துக்கு மேல் போனால் மீதியை வெட்டிவிடும். ஒவ்வொரு வார்த்தையும் தனி வரியில் விழும். மூன்று வார்த்தைக்கு மேல் அடித்தால் முதல் வார்த்தை மேலே ஏறி மறைந்துபோகும்.

வேறு நல்லது இல்லையா என்று சைகையில் கேட்டேன்.

“நிறைய இருக்குதுப்பா. உங்களுக்கு இதுதான் மருந்து” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

என் பெயரை அடித்துப் பார்த்தேன். SENNIYAPPA என்று வந்தது. கடைசி எழுத்தைக் காணோம். பிரதீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மனைவியின் பெயரை அடித்தேன். KANAGAMANI. சரியாகப் பத்து எழுத்து, டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒன்றும் வெட்டுப்படாமல் நின்றது.

அவள் ஈரக்கையோடு வந்து, “ஏனுங்க கூப்ட்டீங்க?” என்றாள்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘இந்தா’ என்பதுதான் வழக்கம். INDHA என்பது ஐந்து எழுத்துதான். அடிக்கச் சுலபம். ஏன் அடிக்கவில்லை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பீன்ஸ் நறுக்கினேன். மின்விசிறிகளைத் துடைத்தேன். கொசுவலை மூன்றையும் துவைத்தேன். சோதனை ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பரணைச் சுத்தம் செய்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கனகமணி பேசுகிறாள். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்று நாளாகவே கவனிக்கிறேன். துணி மடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு மருமகளை அவள் நடித்துக் காட்டியதில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது, சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பிரதீபாவிடம் அடித்துக் கேட்டேன். AMMA PUDHUSA PESUDHU.

“புதுசா எல்லாம் இல்லப்பா” என்றாள் அவள். “நீங்க கடைக்குப் போனதும் தினமும் இப்படித்தான்.”

பிப்ரவரி 15, சனி

மத்தியானம் டிவியில் பெண்கள் கபடி. பழைய ஆட்டம்தான். லேப்டாப் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமாக நான் வீட்டிலும் டிவியை ஊமையாக்கிவிட்டு நானே வர்ணனை சொல்வேன். இன்று வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ரெய்டுக்கு ஒரு பெண் ஏறினாள். கனகமணி பூண்டு உரித்துக்கொண்டே, “இடது கால பின்னால வெக்கறா. போனஸுக்குப் போறா. மூலையில நிக்கறவ இப்ப விழுந்தாத்தான் உண்டு” என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் மூலையில் நின்றவள் விழுந்து கணுக்காலைப் பிடித்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அடுத்த ரெய்டு. “இவ பயந்துட்டா. கோட்டத் தொட்டுட்டுத் திரும்பிருவா.” திரும்பினாள்.

வயரை மறுபடி மாட்டினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. EPPADI THERIYUM.

கனகமணி டிவியைப் பார்த்தாள். பூண்டுத் தோலை முறத்தில் தட்டினாள்.

“நான் ஆடியிருக்கேனுங்க. கொடுமுடி ஸ்கூல் டீம்ல. லெஃப்ட் கார்னர். பிளஸ் டூ படிக்கறப்ப மாவட்ட டீம்லயும் எடுத்தாங்க.”

நான் ? என்ற குறியை மட்டும் அடித்தேன். டிவியில் அது ஆளுயரத்துக்கு நின்றது.

“பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லலாம்னுதாங்க இருந்தேன். நீங்க கபடி எப்படி ஆடோணும்னு ஒரு மணி நேரம் சொன்னீங்க. உங்க அப்பாரு கெளம்பலாம்னு எந்திரிச்சுட்டாரு. அப்புறம் சொல்றதுக்கு... நீங்க இன்னும் முடிக்கலயேங்க.”

பிரதீபா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, எனக்கே சொல்லல நீ!”

“நீ உங்கப்பா மாதிரி, கண்ணு. உனக்கும் நேரமில்ல.”

சாயங்காலம் தோட்டத்துக் குழாயைக் கழற்றி மாட்டினேன். அது ஒழுகவில்லை, ஆனாலும் கழற்றி மாட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. கெட்டது ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் மூன்றாம் தடவைக்காக அவர் முகத்தைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே மூன்றாம் தடவையும் சொன்னார். கனகமணி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். அவள் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று பிரதீபா வெளியே வந்து சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் நன்றாகத்தான் தூங்கினேன், அதாவது கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் போண்டா நன்றாக இருக்கிறது. மூன்று சாப்பிட்டேன். மெதுவாக விழுங்க வேண்டுமாம்.

பிப்ரவரி 19, புதன்

தீர்த்தகிரி வீட்டுக்கு வந்தான். கவுந்தப்பாடி கபடிக் குழுவின் செயலாளர் அவன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் பெண்கள் போட்டி, எட்டு டீம் வருகிறது. வர்ணனைக்கு என்னைத்தான் மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தான். என் நிலைமை தெரிந்ததும் சத்தியமங்கலத்திலிருந்து ஒருவரைப் பிடித்தான், அவர் வீட்டில் ஒரு காரியமாகிவிட்டதால் வர முடியாதாம்.

“சென்னியண்ணா, இருக்கறது நாலு நாளு. மைக் இல்லாத மேட்ச் உப்பில்லாத கஞ்சி. யாரையாச்சும் சொல்லுங்கண்ணா.”

எனக்குத் தெரிந்த நான்கு பேரின் பெயரை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒருவர் வெளியூர், ஒருவர் துபாய், மற்ற இருவரும் அன்றைக்கு வேறு ஊரில் கபடிக்கு ஒப்புக்கொண்டவர்கள் என்றான்.

அப்போதுதான் பிரதீபா, “அம்மா பேசும்” என்றாள்.

கனகமணி கையிலிருந்த டீ டம்ளரை மேசையில் வைத்தாள். “விளையாடாத கண்ணு.”

“போன சனிக்கிழமை நீ சொன்ன ஒண்ணாவது தப்பாச்சாம்மா?”

தீர்த்தகிரி என்னைப் பார்த்தான். கனகமணியும் என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பை இழுத்து அடித்தேன். EPPADI NEE POYI PESUVE. எப்படி நீ போய்ப் பேசுவாய் என்பதுதான் நான் கேட்டது. ஆயிரம் பேர் நிற்கும் மைதானம், மைக் பிடித்த பழக்கம் கிடையாது, அதுவும் என்னுடைய இடம். நியாயமான கேள்வி.

நான்கு வார்த்தை. முதல் வார்த்தை மேலே ஏறி மறைந்துவிட்டது. டிவியில் நின்றது இவ்வளவுதான்.

NEE
POYI
PESUVE

கனகமணி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். காது மடல் சிவந்தது. “நீங்களே சொல்றீங்க. சரிங்க” என்றாள்.

“அப்படிப் போடுங்கக்கா!” என்று தீர்த்தகிரி எழுந்துவிட்டான்.

நான் மறுபடியும் சரியாக அடித்திருக்கலாம். விரல் வலித்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

கனகமணி கரண்டியை மைக்காகப் பிடித்துப் பயிற்சி செய்கிறாள். நான் இருந்தால் நிறுத்திவிடுகிறாள். அதனால் நான் கொல்லைப்புறம் போய், சமையலறை ஜன்னலுக்குக் கீழே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொள்கிறேன். வெயில் அதிகம். ஆனாலும் அங்கே காற்று வருகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டிய நாள். உடம்பு அலுத்திருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கவுந்தப்பாடி பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. கனகமணி பச்சைப் பட்டுப்புடவையில் இருந்தாள். மைக்கைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், குழந்தையை வாங்குவதுபோல. பக்கத்தில் ஸ்கோர் மேசையில் நான், என் முன்னால் லேப்டாப். டிவி இல்லாததால் சின்னத் திரை, ஆனால் அவளுக்கும் எனக்கும் அது போதும்.

“எல்லாத்துக்கும் வணக்கமுங்க” என்றாள். குரல் கம்மியது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ, “சென்னியண்ணன் எங்கீங்க?” என்று சத்தம் போட்டான்.

எனக்கு வாயைத் திறக்கலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை, ஒரு ‘ஏய்’ மட்டும். திறக்கவில்லை. அதற்குள் விசில் அடித்து முதல் ரெய்டு ஏறிவிட்டது.

கனகமணி ஆட்டத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கூட்டத்தை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். “புள்ள வலது பக்கம் போற மாதிரி காட்டுது. போகாது. இடது மூலைக்குத்தான் வரும். மூலையில நிக்கற கண்ணு, குனிஞ்சுக்கோ, காலப் பாரு, காலப் பாரு, பிடி!”

பிடித்துவிட்டாள். மைதானம் எகிறியது.

இரண்டாவது ரெய்டும் இதே கதை. மூன்றாவதில் ரெய்டு ஏறிய டீமின் கோச், பவானிக்காரர், மேசைக்கு ஓடிவந்தார். “ரெஃப்ரி! இந்தம்மா வர்ணனை சொல்லுதா, கோச்சிங் குடுக்குதா? எங்க புள்ளைக என்ன பண்ணப்போகுதுன்னு முன்கூட்டியே மைக்குல சொன்னா, அப்புறம் எப்படி ஆடறது?”

நடுவர் கோட்டுக்கு உள்ளேயே நின்று யோசித்தார். அவர் இருபது வருஷமாக விசில் ஊதுகிறார், இப்படி ஒரு புகார் வந்ததில்லையாம். மைக்கை நிறுத்துங்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். கனகமணியின் முகம் சுருங்கிவிட்டது. மைக்கை மேசையில் வைக்கப்போனாள்.

நான் அவசரமாக அடித்தேன். MUDINJAPIN SOLLU. ரெய்டு முடிந்த பிறகு சொல். கூடவே இன்னொன்று அடித்தேன். NIRUTHATHE. நிறுத்தாதே.

அவள் திரையைப் பார்த்தாள். மைக்கைத் திரும்ப எடுத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க சார். ஆடுன பழக்கத்துல வந்துருச்சு. இனி ஆட்டம் முடிஞ்சாத்தான் வாயத் தொறப்பேன்.”

கோச் அவளையே பார்த்தார். “ஆடியிருக்கீங்களாம்மா?”

“கொடுமுடிங்க. லெஃப்ட் கார்னர்.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? நான் வர்ணனை சொன்னால் புயல், புலி, சிங்கம் எல்லாம் வரும். இவள் எதையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும், அந்தப் பெண் எந்தக் காலை நம்பினாள், எந்த இடத்தில் அரை அடி பிந்தினாள், பிடித்தவள் எதைப் பார்த்து முடிவு செய்தாள் என்று, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வதுபோலச் சொன்னாள். கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஆட்டத்தில் அவுட்டாகி உட்கார்ந்திருந்த பெண்கள்கூட ஸ்பீக்கர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். தோற்றுப்போன ஒரு டீமின் சின்னப் பெண் அழுதுகொண்டு போனபோது, “அழாத கண்ணு, நீ பிடிச்ச இடம் சரிதான், கையிதான் வேர்த்துருச்சு” என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைப் பார்த்தது.

ஃபைனல் முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதற்கும் கைதட்டும்.

குரல் சுமார்தான். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கீச்சென்கிறது.

தீர்த்தகிரி அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, சித்திரையில் வரும் போட்டிக்கும் தேதி சொல்லிவிட்டுத்தான் விட்டான். என்னிடம் குனிந்து, “அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் வாங்க” என்றான். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? மைக் ஒன்றுதானே இருக்கிறது என்றுதான் யோசித்தேன். இன்னொன்று வாங்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

கனகமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்துக் கொடுத்தேன். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிரதீபா இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, இன்னொரு லேப்டாப் எடுத்து வரட்டுமா என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

நாளை டாக்டரிடம் போக வேண்டும். கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி செய்தேன். அவளுடைய புடவையையும்.

பிப்ரவரி 27, வியாழன்

டாக்டர் நசீமா தொண்டைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறதாம். “ஈ...ன்னு மெல்ல சொல்லுங்க” என்றார். சொன்னேன். தகரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அதுதான் இனி என் குரலாம், போகப்போகத் தெளியும் என்றார். இன்றைக்கு மொத்தமே ஐந்து நிமிஷம்தான் பேச வேண்டும், நாளைக்குப் பத்து.

மூன்று வாரமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசை கட்டி நின்றது. கடைக்காரரிடம் பேச வேண்டும், தீர்த்தகிரியிடம் பேச வேண்டும், அன்றைக்கு டிவியில் மறைந்துபோன அந்த முதல் வார்த்தையைப் பற்றிக் கனகமணியிடம் சொல்ல வேண்டும். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

கனகமணி அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் கபடி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“கரூர்ல ஒரு மேட்சுங்க. நான் பிளஸ் டூ. ஒரு பாயின்ட் நாங்க முன்னால. கடைசி ரெய்டு. எங்க பக்கம் நானும் பரிமளான்னு ஒருத்தியும் மட்டும்தான் மிச்சம். ஏறி வாரா பாருங்க, ஆறடி இருப்பா. பரிமளா என்னைப் பாக்கறா, நான் பரிமளாவப் பாக்கறேன்...”

அங்கே நிறுத்திவிட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் நான் எதையாவது சொல்லத் தொடங்கிவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்குத்தான் வாய் திறந்துவிட்டதே.

“அப்புறம்?” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புதுக் குரலைக் கேட்டுப் பயந்தாளோ என்னவோ. பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் என் கணுக்காலைப் பிடித்துக் காட்டித் தொடர்ந்தாள். பிடித்தாளாம், நடுக்கோடு வரை தரதரவென்று இழுத்துப்போனாளாம் அந்த ஆறடிக்காரி, முட்டி தோல் உரிந்ததாம், கோட்டுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது பரிமளா வந்து அவள்மேல் விழுந்து அமுக்கினாளாம்.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.